சென்சார் வாங்கியாச்சு, சத்தமே இல்லை! – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வட சென்னையிலிருந்து, அதுவும் ஒரே விஷயத்தைப் பற்றி: பேட்டரியில் ஓடிக்கொண்டு வெகு தூரத்துக்குத் தகவல் அனுப்புகிற லோரா சென்சார். (லோரா என்பது ரேடியோ முறை, லோராவான் என்பது அதன் மேல் ஓடுகிற நெட்வொர்க் முறை. சென்சார் பேசுவதைக் கேட்டு இன்டர்நெட் வழியாக சர்வருக்கு அனுப்புகிற பெட்டி கேட்வே; அதை வாங்கிப் பிரித்து நமக்குக் காட்டுவது சர்வர்.) ராயபுரத்தில் ஒருவர் வாங்கினால் எண்ணூர் வரைக்கும் பரவிவிடும் போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கள் அபார்ட்மென்டில் 24 வீடு. சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தால் லாரிக்கு நேரத்தோடு சொல்லிவைக்கலாமே என்று லோராவான் தண்ணீர் மட்ட சென்சார் ஒன்றும் கேட்வே ஒன்றும் ஆன்லைனில் வாங்கினோம். கேட்வேயில் பச்சை விளக்கு எரிகிறது. சென்சார் மட்டும் நெட்வொர்க்கில் சேரவே மாட்டேன் என்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை.
– சங்கச் செயலாளர், தண்டையார்பேட்டை

விற்றவரை விடுங்கள். சென்சாரைக் கையில் எடுத்து, பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்கள். 868, 915, 433 என்று ஏதாவது ஒரு எண் போட்டிருக்கும். பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது.

நம் நாட்டில் லோராவானுக்கு உரிய அலைவரிசைத் திட்டம் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை; செட்டிங்கில் ஐஎன்865 என்று இருக்கும். ஐரோப்பாவுக்காகச் செய்த பெட்டி 868.1, 868.3, 868.5 என்ற மூன்று சேனலில் கூப்பிடும். உங்கள் கேட்வேயோ 865.0625, 865.4025, 865.985 என்ற மூன்றில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஜென்மத்துக்கும் சந்திக்காது, பச்சை விளக்கு மட்டும் ஜோராக எரியும், ஏனென்றால் அந்த விளக்கு சொல்வது கேட்வேக்கு இன்டர்நெட் இருக்கிறது என்பதை மட்டும்தான். 868 பெட்டி என்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள்: தயாரிப்பாளரின் ஆப் வழியாகவோ யூஎஸ்பி ஒயர் போட்டோ மண்டலத்தை ஐஎன்865-க்கு மாற்றிவிடலாம். 433 என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். 915 என்றால், மண்டலத்தை மாற்ற முடிந்தாலும் ஆண்டெனா வேறு அலைவரிசைக்கு வெட்டியதாக இருக்கும், மாற்ற வேண்டிவரும்.

மண்டலம் சரிதான், ஆனாலும் சேரவில்லை என்றால் அடுத்து சாவிகள். ஓடிஏஏ என்ற, காற்றிலேயே அனுமதி கேட்டுச் சேர்கிற முறையில் சென்சார் சேர மூன்று விஷயம் வேண்டும்: 16 எழுத்தில் டெவ்ஈயூஐ என்ற கருவியின் அடையாள எண், இன்னொரு 16 எழுத்தில் ஜாயின்ஈயூஐ (பழைய பெட்டிகளில் ஆப்ஈயூஐ என்றிருக்கும், ரெண்டும் ஒன்றுதான்), 32 எழுத்தில் ஆப்கீ என்ற ரகசியச் சாவி. பொடி எழுத்து ஸ்டிக்கரைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்கிறவர்கள் 8-ஐயும் பி-யையும் குழப்பிக்கொள்வார்கள். பூஜ்யமா ஓ-வா என்று மட்டும் முழிக்க வேண்டாம். இதில் ஏ முதல் எஃப் வரைதான் எழுத்தே வரும், ஓ-வுக்கு இடமே கிடையாது. க்யூஆர் கோடு இருந்தால் அதை ஸ்கேன் செய்து ஒட்டிவிடுங்கள், தலைவலி மிச்சம்.

அப்புறம் சர்வரில் லைவ் லாக் திறந்துவைத்துக்கொண்டு சென்சாரின் ரீசெட் பட்டனை அழுத்துங்கள். என்ன வருகிறது என்று பாருங்கள். ஒன்றுமே வரவில்லையா, அலைவரிசை தப்பு, இல்லை சிக்னல் எட்டவில்லை. சேரக் கேட்கிற தகவல் கேட்வே லாகில் வருகிறது, ஆனால் இந்தக் கருவியே பதிவில் இல்லை என்கிறதா, டெவ்ஈயூஐ அல்லது ஜாயின்ஈயூஐயில் எழுத்துப் பிழை. எம்ஐசி (தகவல் அசல்தானா என்று சரிபார்க்கிற குறியீடு) பொருந்தவில்லை என்று சிவப்பில் வருகிறதா, ஆப்கீ தப்பு, வேறு எதையும் தொடாதீர்கள். கேட்டதற்குச் சம்மதம் அனுப்பியாகிவிட்டது என்று சர்வர் சொல்கிறது, ஆனாலும் சென்சார் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றால், போகிற வழி சரி, வருகிற வழி அடைப்பு. சென்சார் சேரக் கேட்டு முடித்த 5 விநாடி கழித்து ஒரு முறையும், 6 விநாடி கழித்து ஒரு முறையும் மட்டும்தான் காதைத் திறக்கும். அந்த இடைவெளியில் பதில் போய்ச் சேர வேண்டும். கேட்வேயின் இன்டர்நெட் மந்தமாக இருந்தாலோ, சர்வரில் ஒரு மண்டலமும் சென்சாரில் ஒரு மண்டலமும் இருந்தாலோ அது தவறிவிடும்.

இதையெல்லாம் மேஜை மேல் வைத்துச் செய்யுங்கள், சம்ப் ஓரத்தில் குனிந்துகொண்டு வேண்டாம். அதற்காகக் கேட்வேயையும் சென்சாரையும் ஒட்டி வைத்தும் சோதிக்காதீர்கள். பக்கத்தில் நின்று காதுக்குள் கத்தினால் எதுவும் விளங்காது. ஒரு ரூம் தள்ளி வைத்தால் போதும்.

மேஜையில் வேலை செய்தது சம்ப்பில் இறக்கியதும் செத்துப்போனால் ஆச்சரியப்படாதீர்கள். தரைக்குக் கீழே, கான்கிரீட்டுக்கு நடுவே, மேலே இரும்பு மூடி. இதைத் தாண்டி எந்த ரேடியோ அலை வரும்? சென்சாரின் தலையை மட்டும் உள்ளே விட்டு, ஒயரை வெளியே இழுத்து, ரேடியோ இருக்கிற பெட்டியை ஆள் உயரத்துக்குச் சுவரில் மாட்டுங்கள். அல்ட்ராசோனிக் வகை என்றால் இன்னொன்றும் உண்டு: தலைக்குக் கீழே சுமார் 20-25 சென்டிமீட்டர் வரை அதற்குக் கண் தெரியாது. சம்ப் நிரம்பித் தண்ணீர் தலையைத் தொடுகிற நேரத்தில்தான் காலி என்று காட்டும், நீங்களும் இன்னொரு லாரிக்குச் சொல்லிவிடுவீர்கள்! உச்ச மட்டத்துக்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டுத் தலையைப் பொருத்துங்கள்.

இதற்கு சிம் கார்டு போட வேண்டுமா? மாதாமாதம் பணம் கட்டணுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

சென்சாருக்கு சிம் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். கேட்வேக்கு மட்டும் இன்டர்நெட் வேண்டும், அது வீட்டு பிராட்பேண்டாகவே இருக்கலாம். சர்வருக்கு, 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய தி திங்ஸ் நெட்வொர்க் என்ற பொது வலை இருக்கிறது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஒரு சென்சார் ஒரு நாளைக்கு மொத்தம் 30 விநாடிக்கு மேல் காற்றில் பேசக் கூடாது என்பது அவர்கள் விதி. இந்த 30 விநாடியைக் கீழே இன்னொரு பதிலில் விவரமாகப் பார்ப்போம். எல்லாம் என் கையிலேயே இருக்கட்டும் என்றால் சர்ப்ஸ்டாக் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஒரு ராஸ்பெர்ரி பையில் போட்டுக்கொள்ளலாம், கேட்வேயும் அதே வீட்டு நெட்வொர்க்கில் இருந்தால் இன்டர்நெட் போனாலும் ஓடும்.

லைசென்ஸ் எடுக்கணும், போலீஸ் வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், மிண்ட்

865 முதல் 867 வரையிலான அலைவரிசையை 2005-லேயே லைசென்ஸ் தேவையில்லாததாக அறிவித்துவிட்டார்கள், 2021-ல் 868 வரைக்கும் நீட்டினார்கள். அனுப்புகிற சக்தி 1 வாட்டுக்குள் இருக்க வேண்டும். நம் சென்சார்கள் அதில் நாற்பதில் ஒரு பங்கு, மிஞ்சினால் பத்தில் ஒரு பங்குதான் தொடும். ஆனால் மேலே சொன்ன ஐரோப்பிய 868.1 இருக்கிறதே, அது அந்தக் கோட்டுக்கு வெளியே. மண்டலத்தை மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்கும்போது மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் ஈடிஏ ஒப்புதல் உள்ள கருவியா என்று கேட்டு வாங்குங்கள்.

மீன் வைக்கிற குளிர் அறைக்கு வெப்பநிலை சென்சார் போட்டிருக்கிறேன். ஐஸ் போடாத நேரத்தில் 28, 29 டிகிரி என்று சரியாகக் காட்டுகிறது. அறை நன்றாகக் குளிர்ந்ததும் 637.36 டிகிரி என்கிறது! மீன் வறுபட்டுவிட்டதா?
– வாசகர், காசிமேடு

வறுபடவில்லை, நன்றாக உறைந்திருக்கிறது. உங்கள் அறை சரியாக மைனஸ் 18-ல் இருக்கிறது என்று இங்கிருந்தே சொல்கிறேன், எப்படி என்று பாருங்கள்.

பேட்டரியை மிச்சப்படுத்த சென்சார் வார்த்தைகளாக அனுப்பாது, இரண்டு பைட்டில் ஒரு முழு எண்ணாக அனுப்பும். 28.85 டிகிரி என்றால் நூறால் பெருக்கி 2885, ஹெக்ஸ் என்ற பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் 0பி45. சர்வரில் இருக்கிற டீகோடர் என்ற குட்டி நிரல் அதை எடுத்து நூறால் வகுத்துக் காட்டுகிறது. மைனஸ் எண் வரும்போதுதான் வில்லங்கம். இரண்டு பைட்டில் மைனஸ் 1800-ஐ எழுத 65536-லிருந்து 1800-ஐக் கழித்து 63736 என்று எழுதுவார்கள், ஹெக்ஸில் எஃப்8எஃப்8. உங்கள் டீகோடருக்கு மைனஸ் என்று ஒன்று உண்டு என்பதே தெரியவில்லை, அப்படியே நூறால் வகுத்து 637.36 என்று போட்டுவிட்டது. எண் 32767-க்கு மேல் போனால் 65536-ஐக் கழி என்று டீகோடரில் ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

இந்த டீகோடரை எழுதிய ஆள் வெயில் காலத்தில் சோதித்துப் பார்த்திருப்பார் போல. உங்களுக்கு ஒரு யோசனை: குளிர் அறையின் சுவர் இருபுறமும் தகடு, உள்ளே வைத்தால் சிக்னல் வெளியே வராது, பேட்டரியும் அந்தக் குளிரில் சுருண்டுவிடும். ஒயர் நுனியில் உள்ள புரோபை மட்டும் உள்ளே விட்டுப் பெட்டியை வெளியே மாட்டுங்கள். கதவுக்குப் பக்கத்தில் புரோபை வைக்காதீர்கள், லோடு ஏற்றும்போதெல்லாம் அலாரம் அடித்துக் கடைசியில் அலாரத்தையே அணைத்துவைப்பீர்கள்.

10 வருடம் பேட்டரி வரும் என்று போட்டிருந்தார்கள். எனக்கு மூன்று மாதம் தாண்டவில்லை. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை காற்றின் ஈரப்பதத்தை அனுப்புகிறேன், அவ்வளவுதான். கேட்வே என் ரூமில் இருக்கிறது, சென்சார் நாலு தெரு தள்ளி மாமா வீட்டில்.
– கல்லூரி மாணவர், திருவொற்றியூர்

"அவ்வளவுதான்" என்கிறீர்களே தம்பி, அங்கேதான் இருக்கிறது எல்லாமே.

லோராவில் எஸ்எஃப்7 முதல் எஸ்எஃப்12 வரை ஆறு வேகம் உண்டு. கேட்வே பக்கத்தில் தெளிவாகக் கேட்டால் எஸ்எஃப்7-ல் படபடவென்று சொல்லி முடிக்கும், பத்து பைட் தகவலுக்கு 0.06 விநாடி. கேட்காத தூரம் என்றால் எஸ்எஃப்12, இரைச்சலைவிட 20 டெசிபல் தாழ்ந்த சிக்னலைக்கூடப் பிடித்துவிடும். ஆனால் அதே பத்து பைட்டுக்கு ஒன்றரை விநாடி, மீன் மார்க்கெட்டில் அந்தக் கோடியில் இருப்பவருக்குக் கேட்க ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்துக் கத்துகிற மாதிரி. உங்கள் கேட்வே ரூமுக்குள், நாலு சுவர், நடுவில் நாலு தெரு. சென்சார் எஸ்எஃப்12-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும், லாகில் பாருங்கள்.

இப்போது கணக்கு. அனுப்பும்போது சுமார் 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை விநாடி, ஒரு நாளைக்கு 1440 தடவை: பெருக்கினால் நாளொன்றுக்கு 24 மில்லி ஆம்பியர் மணி. ஏஏ அளவு லித்தியம் பேட்டரியில் இருப்பது 2400 சொச்சம். நூறே நாள். கணக்கு உங்கள் மூன்று மாதத்தில் வந்து நிற்கிறதா? கூடவே, நாளுக்கு 36 நிமிடம் காற்றை அடைத்துக்கொண்டு பேசியிருக்கிறீர்கள், பொது வலையில் அனுமதி 30 விநாடி. எஸ்எஃப்12-ல் நாளைக்கு 20 தடவைதான் பேச முடியும், எஸ்எஃப்7-ல் 500.

பெரிய பேட்டரி வாங்காதீர்கள். கேட்வே ஆண்டெனாவை மொட்டைமாடிக்கு ஏற்றுங்கள். சுவர் விலகியதும் ஏடிஆர் என்ற வசதி தானாகவே சென்சாரை எஸ்எஃப்7, எஸ்எஃப்8-க்கு இறக்கிவிடும், செட்டிங்கில் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறாது, 15 நிமிடத்துக்கு ஒருமுறை போதும். அதன் பிறகு அனுப்புவதற்கான செலவு வருடத்துக்கே 23 மில்லி ஆம்பியர் மணி. தூங்கும்போது குடிக்கிற 10 மைக்ரோ ஆம்பியர்கூட வருடத்துக்கு 88 ஆகிறது, அதாவது பேசுவதைவிடத் தூங்குவதற்கே செலவு அதிகம் என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள். காகிதத்தில் 20 வருடம் என்று வரும், நம்பாதீர்கள், அதற்கு முன்னாலேயே பேட்டரிக்கு வயசாகிவிடும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம்.

ஒருவேளை நீங்களே போர்டு வாங்கிச் செய்தது என்றால் அதிலுள்ள சிவப்பு எல்இடியைப் பாருங்கள். ஒரு மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டு அது எரிந்துகொண்டே இருந்தால் அது ஒன்றே 100 நாளில் பேட்டரியைக் காலி செய்துவிடும். பிடுங்கி எறியுங்கள். "ஒவ்வொரு தகவலுக்கும் பதில் வேண்டும்" என்ற ஆப்ஷனையும் அணைத்துவிடுங்கள். பதில் வராவிட்டால் சென்சார் திரும்பத் திரும்ப அனுப்பும், கேட்வே பதில் சொல்கிற நேரத்தில் மற்ற எந்த சென்சாரும் அதற்குக் கேட்காது.

பேட்டரி சதவீதத்தையும் ரொம்ப நம்ப வேண்டாம். இந்த லித்தியம் தயோனைல் குளோரைடு வகை கடைசி வரை 3.6 வோல்ட்டிலேயே நின்று, தீரும்போது சட்டென்று சரியும். மாற்றிய தேதியைப் பெட்டியில் மார்க்கரால் எழுதிவையுங்கள்.

மாடியில் ஆண்டெனா வைக்கப்போகிறேன். 15 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள், எண்ணூரிலிருந்து பெரம்பூர் அக்கா வீடு வரைக்கும் வருமா?
– வாசகர், எர்ணாவூர்

கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், தடுப்பே இல்லாத நேர்ப்பார்வை என்றால் 10 கிலோமீட்டர் தாண்டியும் போகும். பெரம்பூர் வரைக்கும் நடுவில் எத்தனை கட்டடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நெருக்கமான ஊருக்குள் 1 முதல் 3 கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல காரியம். அக்கா வீட்டில் ஒரு கேட்வே வைத்துவிடுங்கள்.

உங்களுக்கு உப்புக் காற்றுதான் முதல் எதிரி. ஆண்டெனா கனெக்டர் ஒரே மழைக்காலத்தில் பச்சைப் பூத்துவிடும், சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, சென்சார்தான் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப். கிளாம்ப் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இடி தாங்கி ஒன்று போட்டு எர்த்துக்கு இறக்குங்கள். கேட்வேயைக் கீழே வைத்துப் பத்து மீட்டர் ஒல்லிக் கேபிள் இழுத்தால் பாதிக்கு மேல் சிக்னல் கேபிளிலேயே போய்விடும். கேட்வேயையே நீர்புகாப் பெட்டியில் ஆண்டெனாவுக்குக் கீழே மாட்டி, ஈதர்நெட் ஒயரை மேலே ஏற்றுங்கள். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு மட்டும் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், ரேடியோ சிப் போய்விடலாம்.

மலிவாக ஒற்றைச் சேனல் கேட்வே கிடைக்கிறதே?
– அதே வாசகர்

வேண்டாம். சென்சார் சேனல் மாற்றி மாற்றிப் பேசும், அது ஒன்றில் மட்டும்தான் கேட்கும். எட்டு சேனல் வாங்குங்கள்.

மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிடுகிறது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தண்ணீர் மட்ட சென்சாரும் சைரனும் வைக்க நினைக்கிறோம். மழையில் சிக்னல் போய்விடாதா?
– இளைஞர் மன்றம், வியாசர்பாடி

இந்த அலைவரிசையை மழை ஒன்றும் செய்யாது. டிஷ் டிவி மழைக்குப் போய்விடுவதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், அது இதைவிடப் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்த அலைவரிசை. மழை போக்குவது கரண்டை. கேட்வேக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து யூபிஎஸ் இல்லையென்றால், சென்சார் வேண்டிய அந்த ஒரு ராத்திரியில்தான் எல்லாம் ஊமையாக இருக்கும். பிராட்பேண்ட் அறுந்தால் 4ஜிக்கு மாறுகிற கேட்வே என்றால் இன்னும் நல்லது.

சைரனைப் பேட்டரியில் வைக்க முடியாது. பேட்டரி சென்சார்கள் கிளாஸ் ஏ வகை, தான் பேசிய பிறகு ஒரு விநாடி, இரண்டு விநாடி கழித்து மட்டும் காது கொடுக்கும், மற்ற நேரமெல்லாம் தூக்கம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கிற சைரனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அதற்கு எப்போதும் விழித்திருக்கிற கிளாஸ் சி கருவி வேண்டும், கரண்ட் இணைப்போடு. சென்சாரையும் ஒரே இடைவெளியில் வைக்காதீர்கள். தண்ணீர் இல்லாதபோது அரை மணிக்கு ஒருமுறை நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் போதும், ஒரு மட்டத்தைத் தாண்டியதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ரேடியோ பெட்டி பாதையின் மேல்மட்டத்தில் இருக்கட்டும்.

அது ரயில்வேயும் மாநகராட்சியும் சம்பந்தப்பட்ட இடம், ஆணி அடிப்பதற்கு முன்னால் அனுமதி வாங்குங்கள். சைரன் அடிக்கவில்லை, அதனால் போகலாம் என்று யாரும் வண்டியை உள்ளே விடாதபடி பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. தடுப்புக் கட்டைக்குப் பதிலாக இதை வைக்கக் கூடாது, கூடுதலாகத்தான் வைக்கலாம்.

பேட்டரி மாற்றியதிலிருந்து சென்சார் பேசவே இல்லை. கேட்வே லாகில் தகவல் வருகிறது, டேஷ்போர்டில் ஒன்றும் இல்லை. புது பேட்டரிதான் போட்டேன்.
– பட்டறை மேனேஜர், மணலி

ஏபிபி முறையில், அதாவது சேரக் கேட்காமல் சாவிகளை முன்கூட்டியே எழுதிவைத்து, சேர்த்திருப்பீர்கள். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் வரிசை எண் உண்டு. பேட்டரியைக் கழற்றியதும் சில சென்சார்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். சர்வரோ 48,000-த்தில் இருக்கிறது, பழைய தகவலை யாரோ திருட்டுத்தனமாகத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறது. சர்வரில் எண்ணை ரீசெட் செய்தால் இன்றைக்கு வேலை நடக்கும். ஓடிஏஏ முறைக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கேட்வே லாகிலும் வரவில்லை என்றால் வேறு கதை. பல வருடம் கடையில் கிடந்த லித்தியம் பேட்டரிக்குள் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும், மீட்டரில் 3.6 காட்டும், ரேடியோ ஆன் ஆனதும் வோல்ட்டேஜ் சட்டென்று விழுந்து சென்சார் ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி மறுபடி. விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, தயாரிப்பாளர் சொல்கிற ரெசிஸ்டரை அவர் சொல்கிற நேரம் மட்டும் வைத்து எடுத்தால் படலம் கரையும். சார்ஜ் மட்டும் ஏற்றிவிடாதீர்கள், இது ரீசார்ஜ் வகை இல்லை, வெடிக்கும்.

தீர்ந்த பேட்டரியை என்ன செய்வது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

மாநகராட்சி வண்டியில் குப்பையோடு சேர்த்துப் போடாதீர்கள், நேராகக் கொடுங்கையூர் மேட்டில் போய் விழும், உள்ளே மிச்சமிருக்கிற லித்தியம் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைத்து, மின்னணுக் கழிவு எடுக்கிற அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுங்கள். டிவி ரிமோட்டில் போட்டுப் பார்க்கலாமே என்று வீட்டில் யாராவது எடுப்பார்கள். அளவு ஒன்றுதான், ஆனால் அது 1.5 வோல்ட், இது 3.6.